யார் பெயரில்? (மஹர், வீடு, கைக்கூலி பற்றி ஒரு பழைய டீச்சரின் பாடம்)

 

இன்றைய பதிவு நீளமானது. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தடவையாகப் படியுங்கள். ஆனால் பாதியில் விட்டுவிட்டு "டீச்சர் சூப்பர்" என்று எழுதாதீர்கள். வகுப்பில் யார் கவனிக்கிறார்கள், யார் ஜன்னல் வழியே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள் நான். இப்போதும் கண்டுபிடித்துவிடுவேன்.

விஷயம் இதுதான். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. என் ராத்தாவின் பேத்திக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். நல்ல குடும்பம், படித்த பையன். "நாங்க ஒண்ணும் கேட்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், எந்த ஏரியாவில் ஃபிளாட் என்று அர்த்தம் என்பது கல்யாணம் பேசிய எல்லோருக்கும் தெரியும். மஹர் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது சம்பிரதாயத்துக்குத்தானே, ஒரு பவுன் எழுதிக்கலாம்" என்றார்களாம்.

குழுவில் ஒருவர், "இது நம்ம ஊர்ல காலங்காலமா உள்ள வழக்கம்" என்று எழுதினார். இன்னொரு பிள்ளை, சட்டம் படித்தவள், "பொண்ணுக்கு வீடு கொடுக்கிறதே வரதட்சணைதான்" என்று பதில் போட்டாள். மூன்றாமவர், "மார்க்கத்துல இதெல்லாம் கிடையாது" என்றார். பிறகு எல்லோரும் கோபித்துக்கொண்டு ஸலாம் சொல்லிப் போய்விட்டார்கள்.

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மஹர், வீடு, கைக்கூலி என்ற மூன்று வேறு வேறு பொருள்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மஹர். முஸ்லிம் அல்லாத என் மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: நிக்காஹ் நடக்கும்போது மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய பொருள் அல்லது பணம் அது. பெண்ணின் வாப்பாவுக்கு அதில் பங்கில்லை, மாமியாருக்கும் இல்லை. அவளுக்கு மட்டுமே சொந்தம். பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. அவர்களாகவே விரும்பி அதில் ஏதாவது விட்டுக்கொடுத்தால் அதை அனுபவிக்கலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. "அவர்களாகவே விரும்பி" என்பதை மனதில் குறித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த முதல் சமுதாயத்தில் இது எப்படி நடந்தது? கதீஜா (ரலி) அவர்களை எல்லோருக்கும் தெரியும். மக்கா நகரத்து வணிகப் பெண்மணி. கணவரை இழந்தவர். சொந்த முதல் போட்டு வணிகக் கூட்டத்தை ஷாம் நாட்டுக்கு அனுப்பியவர். தன் சரக்கோடு போய் நாணயமாகக் கணக்கு ஒப்படைத்த இளைஞரைப் பார்த்து, தோழி நஃபீஸா மூலமாகத் தானே கல்யாணப் பேச்சைத் தொடங்கியவர். அந்த இளைஞர்தான் பின்னாளில் நபியானார்கள். மணமகனுக்கு 25 வயது, மணமகளுக்கு 40 என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. மஹராக 20 ஒட்டகங்கள் கொடுத்ததாக வரலாற்று நூல்களில் வருகிறது. இத்தனை செல்வம் உள்ள பெண்ணுக்கு எதற்கு மஹர் என்று யாரும் கேட்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் நம் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது இந்தக் கல்யாணத்துக்குத் தனியாக ஒரு படலமே ஒதுக்கினார். மக்காவில் நடந்த அந்தக் கல்யாணத்தைத் தமிழ்நாட்டுக் கல்யாணம் போலவே பாடியிருப்பார்.

நபியவர்களின் மனைவியருக்குக் கொடுக்கப்பட்ட மஹர் பற்றி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, பன்னிரண்டரை ஊக்கியா என்றார்கள். ஒரு ஊக்கியா 40 திர்ஹம். பன்னிரண்டரையை நாற்பதால் பெருக்குங்கள். 500 திர்ஹம். ஒரு திர்ஹம் ஏறக்குறைய 3 கிராம் வெள்ளி. அப்படியென்றால் சுமார் ஒன்றரைக் கிலோ வெள்ளி. இன்றைய விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். பேராசைக் கணக்கும் இல்லை, "சம்பிரதாயத்துக்கு" என்று தள்ளிவிடும் கணக்கும் இல்லை.

கையில் காசே இல்லாதவர்? மகளார் ஃபாத்திமாவை மணக்க அலீ (ரலி) அவர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. தன் போர்க்கவசத்தை மஹராகக் கொடுத்தார். இன்னொரு ஏழை மனிதரிடம், ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்கிறதா பார் என்று நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களை அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதே மஹராக ஆயிற்று. ஏழைக்குக் கல்யாணம் தடைபடக்கூடாது. ஆனால் ஒன்றுமே கொடுக்காமலும் கட்டிக்கொள்ளக்கூடாது.

கூடவே இரண்டு பெண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கன்ஸா பின்த் கிதாம் என்று ஒரு பெண். ஏற்கெனவே மணமாகியிருந்தவர். அவருக்குப் பிடிக்காத ஒருவருக்குத் தகப்பனார் கட்டி வைத்துவிட்டார். நேராக நபியவர்களிடம் போய் முறையிட்டார். அந்தக் கல்யாணம் செல்லாது என்று ஆயிற்று. அடுத்தவர் தாபித் பின் கைஸ் என்பவரின் மனைவி. கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறை சொல்லமாட்டேன், ஆனால் அவரோடு வாழ என்னால் முடியாது என்றார். அவர் கொடுத்த தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். தருகிறேன் என்றார். தோட்டத்தை வாங்கிக்கொண்டு விடுவித்துவிடும்படி கணவருக்குச் சொல்லப்பட்டது. அந்தத் தோட்டம்தான் மஹர். உண்மையிலேயே அவள் கையில் இருந்தது. அதனால்தான் அவளால் அதைத் திருப்பித் தர முடிந்தது. ஏட்டில் மட்டும் இருந்த மஹராக இருந்தால் எதைத் திருப்பியிருப்பாள்?

இனி நம் கரைக்கு வருவோம். நான் பிறந்த காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை பிறந்ததுமே அவளுக்கென்று ஒரு வீடு, அல்லது வீட்டில் ஒரு பகுதி என்று வாப்பா யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கீழக்கரையிலும் இதே வழக்கம் உண்டு. கடல் தாண்டி இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்று போன்ற ஊர்களிலும் மகளுக்குத்தான் வீடு.

காரணம் என்ன? வரலாற்றாளர்கள் சொல்வது கடல் வணிகம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் முத்துக்கும் குதிரைக்கும் பெயர் போனது. ஆண்கள் காற்றுப் பருவம் பார்த்துப் போவார்கள், வருவார்கள். சிலர் வராமலே போவார்கள். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் இருந்த இப்னு பதூதா, கப்பலில் வருகிற ஆண்கள் அங்கே மணம் செய்துகொண்டு புறப்படும்போது விலக்கிவிடுவதையும், அந்தத் தீவுப் பெண்கள் தங்கள் நாட்டை விட்டுப் போவதே இல்லை என்பதையும் எழுதியிருக்கிறார். அவரும் அப்படி மணந்து விட்டுப் போனவர்தான். அதே மனிதர் கர்நாடகக் கரையில் ஹொன்னாவரில் பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிக்கூடங்களும் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிக்கூடங்களும் இருந்ததைக் கண்டு வியந்திருக்கிறார். (பள்ளிக்கூடம் என்றதும் டீச்சருக்கு ஒரு சந்தோஷம். அதனால் சேர்த்துச் சொன்னேன்.)

கடலை நம்பிப் போகிற கணவனை நம்பி ஒரு பெண்ணை எப்படி விடுவது? அவளுக்கு மேலே ஒரு கூரை, பக்கத்தில் உம்மா, சுற்றிலும் ராத்தா, தங்கை. புருஷன் கொழும்பிலோ கல்கத்தாவிலோ இருந்தாலும் வீடு அவளுடையது. எங்கள் ஊரில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் புழங்கும் முடுக்குகள் இருக்கும். சின்ன வயதில் அந்த முடுக்குகள் வழியாகவே நாலு வீடு சுற்றிவிட்டு வருவேன். அந்த வீடுகளில் எல்லாம் இருந்தவர்கள் பெண் வழிச் சொந்தக்காரர்கள்.

19ஆம் நூற்றாண்டின் பெரிய ஆலிம் ஒருவர், காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர் (1816–1898). அரபியிலும் அரபுத் தமிழிலும் நிறைய எழுதியவர். அவரை ஊர் என்ன பெயரிட்டு அழைத்தது தெரியுமா? மாப்பிள்ளை லெப்பை ஆலிம். கீழக்கரை தைக்கா சாகிபின் மருமகன் என்பதால் வந்த பெயர். அவ்வளவு பெரிய மனிதரும் கடைசிவரை அந்த ஊருக்கு மாப்பிள்ளைதான்!

வீட்டு வழக்கத்தைப் பூசி மெழுகவும் மாட்டேன். நாலு பெண் பிள்ளைகள் இருந்தால் நாலு வீடு. அதற்காக அண்ணன் தம்பிகள் வளைகுடாவில் வெயிலில் நின்றே இளமையைக் கழித்ததை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. வீடு இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரத் தாமதமானதையும் பார்த்திருக்கிறோம். பாதுகாப்புக்காக வந்த வழக்கம் பாரமாகவும் ஆயிற்று. ஆனாலும் அந்த வீடு மகள் பெயரில் இருந்தது. அது ஒன்றுதான் அதற்கும் வரதட்சணைக்கும் வித்தியாசம்.

மூன்றாவது கைக்கூலி. மாப்பிள்ளை கையில் பெண் வீட்டார் கொடுக்கும் பணம். மஹர் எந்தத் திசையில் போகிறதோ அதற்கு நேர் எதிர்த்திசை. ஆனால் இந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையில் 1951இல் வந்த முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தில் "கைக்கூலி" என்ற நம் தமிழ்ச் சொல்லே இருக்கிறது. அதற்கு அந்தச் சட்டம் சொல்லும் பொருளைக் கேளுங்கள்: மணமகளின் உபயோகத்துக்காக, அவளைச் சேர்ந்தவர்களோ வேறு யாருமோ மணமகனிடம் கொடுக்கும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் பொருளும். மணமகனின் உபயோகத்துக்காக இல்லை. மணமகளின் உபயோகத்துக்காக! அதைத் திருப்பித் தரும்படி மனைவி காதியிடம் வழக்குப் போடலாம். அதாவது அந்தச் சட்டத்தின் பார்வையில் கைக்கூலிகூட மாப்பிள்ளை கையில் வைக்கப்பட்ட அவளுடைய பணம். நாளடைவில் அது பைக் ஆயிற்று, தம்பிக்கு விசா ஆயிற்று, மாமியார் வீட்டு மாடி ஆயிற்று.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வரதட்சணை எது என்று சொல்லும்போது, முஸ்லிம் தனிச்சட்டப்படியான மஹர் அதில் சேராது என்று வெளிப்படையாக விலக்கி வைத்தது. 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தபோது, ஊர் வழக்கத்தைக் காட்டிப் பெண்ணின் பங்கை மறுப்பதற்கு முடிவு கட்டினார்கள். ஆனால் விவசாய நிலத்தை அதிலிருந்து விட்டுவிட்டார்கள். சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து அந்த ஓட்டையையும் அடைத்தது. இடையில் 1939ஆம் ஆண்டுச் சட்டம், கணவன் நான்கு வருடம் இருக்குமிடம் தெரியாமல் போனாலோ, இரண்டு வருடம் பராமரிக்காமல் விட்டாலோ மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம் என்றது. கடல் கடந்து போனவர்களுக்காகக் காத்திருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது பாடம். இனி என் கதை. இதைச் சொல்லாமல் பாடம் மட்டும் நடத்தினால் நான் நேர்மையான டீச்சர் இல்லை.

1983இல் எனக்கு நிக்காஹ். வாப்பா இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து சம்மதமா என்று கேட்டார்கள். தலையைக் குனிந்தேன். "சரின்னுட்டா" என்று பக்கத்தில் இருந்த பெரியம்மா சொல்லிவிட்டார். மஹர் எவ்வளவு வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. தஃப்தரில் 501 ரூபாய் என்று எழுதியிருந்ததை வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். அந்த 501 என் கைக்கு வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. என் கணவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு கடன் என்றே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குத் தாம்பரத்தில் வேலை. அதனால் எங்கள் ஊர் வழக்கத்துக்கு மாறாக நான் இங்கே வந்தேன். ஊர் வீடு ராத்தாவுக்கு. என் பங்கை வாப்பா பணமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1991இல் ஊரப்பாக்கத்தில் மனை வாங்கினோம். அப்போது இங்கே மழை பெய்தால் தவளைச் சத்தத்தில் தூக்கம் வராது. கூடுவாஞ்சேரியில் பத்திரம் பதிந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பரீட்சை நேரம், லீவு போடவில்லை. "யார் பேர்ல இருந்தா என்ன?" என்று நானே சொன்னேன். மனை அவர் பெயரில் பதிவாயிற்று.

2014இல் அவர் மவுத்தானார். ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் வயதான பெண்கள் என்னை அருகில் கொண்டுபோய், "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்றார்கள். சொன்னேன். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனிதர் கண்ணை மூடிக் கிடக்கும்போது, சுற்றி நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? ஆனால் "அவர்களாகவே விரும்பி" என்று குர்ஆன் சொல்வது இதைத்தானா என்று அன்றிரவு யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன். கொடுக்காத மஹர் கடன். சொத்தைப் பாகம் பிரிப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கடன். அதை அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாயாலேயே ரத்து செய்ய வைக்கிறோம்.

பிறகு பாகம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. என் வாப்பா கொடுத்த பணத்தில் வாங்கிய மனையில் எனக்கு எட்டில் ஒன்று! குறை பங்கீட்டு முறையில் இல்லை. அவர் பெயரில் இருந்தது அவருடைய சொத்து என்றுதானே கணக்குப் போட முடியும்? என் பிள்ளைகள் மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிள்ளைகளின் நல்ல மனதை நம்பித்தான் ஒரு பெண் கூரைக்குக் கீழே இருக்க வேண்டுமா?

கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருக்கிற ஒன்று. 2011இல் என் மூத்த மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் ரொக்கம் கொடுத்தார்கள். நாங்களும் கேட்கவில்லை, "செய்யறதச் செய்யுங்க" என்றுதான் சொன்னோம். வந்த பணத்தில் மாடி எடுத்தோம். வகுப்பில் வரதட்சணை ஒழிப்புக் கட்டுரை எழுத வைத்து மதிப்பெண் போட்ட கை, வீட்டில் அந்தக் கவரை வாங்கி பீரோவில் வைத்தது. 2019இல் பணி ஓய்வுப் பணம் வந்ததும் அதே தொகையை மருமகள் பெயரில் வங்கியில் போட்டேன். எட்டு வருடத் தாமதம். "எதுக்கு மாமி இதெல்லாம்?" என்றாள். "இது உன் காசும்மா" என்றேன். அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை, வெட்கமாக இருந்தது.

சரி, ராத்தா பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் இருக்கிற பெரியவர்களுக்கு இதுதான் என் கருத்து.

ஃபிளாட் கொடுக்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள், நம் முன்னோர் செய்ததுதான். ஆனால் பத்திரம் பிள்ளை பெயரில் இருக்கட்டும். பதிவு நாளில் அவளே போய்க் கையெழுத்துப் போடட்டும். என்ன வேலை இருந்தாலும் லீவு போடட்டும். நகை போடுகிறீர்களா? பட்டியல் எழுதி அவள் கையில் கொடுங்கள். ரொக்கம் வேண்டாம். மாப்பிள்ளை கையில் கொடுக்கும் ரொக்கத்துக்கு எந்தக் காலத்திலும் சரியான பெயர் கிடைத்ததில்லை. மஹர் எவ்வளவு என்பதை அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் தொகை பையனால் முடிந்ததாக இருக்கட்டும். அது நிக்காஹ் அன்றே அவள் கையில் வரட்டும். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டது லாபம்தான்.

முஸ்லிம் அல்லாத என் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் மஹர் இல்லாமல் இருக்கலாம். "யார் பெயரில்?" என்ற கேள்வி உங்கள் வீட்டுக்கும் உண்டு. இன்று இரவு அலமாரியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

கல்யாணமான என் மாணவர்களே, ஆண் பிள்ளைகளே, உங்கள் நிக்காஹ் தஃப்தரில் மஹர் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அது கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் இந்த மாதச் சம்பளத்தில் கொடுத்துவிடுங்கள். மனைவி "எதுக்கு இப்போ?" என்று கேட்பாள். டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். முடித்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். தொகை எழுத வேண்டாம். அது அவளுடைய கணக்கு.

எல்லோரும் நலமாக இருங்கள். துஆவில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஊரப்பாக்கம்.